கலிலியோவின் மூன்றாம் நாள்: ஆர்முடுகல் பற்றிய ஒரு திறனாய்வு

1638ஆம் ஆண்டிலே, ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில், எல்செவியர் அச்சகத்தார் இத்தாலிய நூலொன்றை வெளியிட்டனர். அதனை இயற்றியவராகிய கலிலியோ கலிலி அப்பொழுது புளோரன்சு நகரை அடுத்த ஆர்ச்செத்திரி என்னுமிடத்திலே தம் மனையிலேயே சிறையிருந்தார். 1633இல் உரோமாபுரியில் விதிக்கப்பட்ட தண்டனை அது. அவருடைய நூல்களை இத்தாலியில் அச்சிடுதற்கு இடமில்லாமையாற் கைப்பிரதி ஒல்லாந்துக்குச் சென்றது. நூல் அச்சேறி வந்தபொழுது அதனைப் பார்ப்பதற்கு அவருக்குக் கண்ணொளி இருக்கவில்லை. இரு புதிய அறிவியல்கள் பற்றிய உரையாடல்கள் எனச் சுருக்கமாக வழங்கப்படும் அந்நூல் நான்கு நாட்களாக வகுக்கப்பட்டுள்ளது. முதலிரு நாட்களும் பொருள்களின் உறுதியை ஆராய்வன. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இயக்கத்தை ஆராய்வன. பாடசாலைகளில் இன்று ஆர்முடுகல் எனக் கற்பிக்கப்படும் கருத்தின் பிறப்பையும், அது பிறந்தபோது பட்ட இடர்களையும் ஒருங்கே காணக்கூடிய இடம் மூன்றாம் நாளாகும்.

பௌதிகவியல் கற்கும் மாணவர் கதி, வேகம், ஆர்முடுகல் என்னும் மூன்றுக்கும் வரைவிலக்கணம் சொல்லத் தடுமாறுவதில்லை. ஓரலகு நேரத்திற் சென்ற தூரம் கதி; ஓரலகு நேரத்தில் நிகழும் இடப்பெயர்ச்சி வேகம்; வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். இவற்றை எழுதிப் புள்ளிகளும் பெறுவர். ஆயின், மேனோக்கி எறியப்பட்ட பந்து உச்சியை அடைந்து கணப்பொழுது ஓய்வுறும்போது அதன் ஆர்முடுகல் யாது என்று வினவினால், பூச்சியம் என்ற விடையே பெரும்பாலும் வரும். வேகம் இல்லாதபோது ஆர்முடுகல் எங்ஙனம் இருக்கும் என்று அவர்கள் எதிர்வினா எழுப்புவதும் உண்டு. வரைவிலக்கணத்தைப் பிழையின்றிச் சொன்ன நாவே அதற்கு மாறான விடையையும் சொல்லுகின்றது. இதனை மாணவரின் சோம்பல் என்று கருதுதல் பொருந்தாது. இதே விடையை, ஏறக்குறைய இதே நியாயத்துடன், மூன்றாம் நாளின் உரையாடலிலே அறிவிற் சிறந்த ஒருவர் சொல்லுகின்றார். அதற்கு அந்நூல் மறுமொழி கூறாது கடந்து செல்கின்றது. கலிலியோவின் பெருமையை உரைக்கும் கட்டுரைகள் பல. இக்குறையை எடுத்துக் காட்டுவன சில.

நூலின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். சால்வியாத்தி, சக்ரேதோ, சிம்பிளிசியோ என மூவர் உரையாடுகின்றனர். சால்வியாத்தி ஆசிரியரின் கருத்தை எடுத்துரைப்பவர். சக்ரேதோ கூர்ந்த மதியுடைய பொதுவாசகர். சிம்பிளிசியோ அரிஸ்தோத்தில் வழிநிற்பவர். இவர்கள் முன்னிலையில் ஆசிரியரின் இலத்தீன் நூலொன்று பகுதி பகுதியாக வாசிக்கப்பெறும். வாசித்த பகுதியை மூவரும் இத்தாலிய மொழியில் ஆராய்வர். தமிழிலே நூற்பாவும் உரையும், உரைக்குள் தடையும் விடையுமாக அமைந்த நூல்களிற் பழகியவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. மூலம் இறுகிய இலத்தீனில். உரை வாழும் மொழியில். இரண்டையும் ஒப்பிடின், அறிவியல் வரலாற்றுக்கு மூலம் பயன்படினும், அறிவியலைக் கற்பவர்க்கு உரைப்பகுதியே பெரிதும் பயன்படும் என்பது தெளிவு. முடிந்த முடிபு மூலத்தில் உண்டு. அம்முடிபை ஏற்க மறுத்த மனத்தின் போராட்டமோ உரையிலேதான் உண்டு.

மூலத்தின் முதற்பகுதி சீரான இயக்கம் பற்றியது. நான்கு எடுகோள்களும் ஆறு தேற்றங்களும் கொண்ட இப்பகுதி வறண்டது. உரையாடலும் இங்கு மிகக் குறைவு. தூரம் என்பது கதியை நேரத்தாற் பெருக்கியது என்று இன்றைய மாணவர் ஒரே வரியில் எழுதுவதற்குக் கலிலியோவுக்கு ஆறு தேற்றங்கள் வேண்டியிருந்தமை வியப்பாகத் தோன்றலாம். காரணம் யூக்கிளிட்டின் விகிதக் கொள்கையாகும். அக்கொள்கைப்படி ஒரே இனத்தைச் சார்ந்த இரு கணியங்களுக்கிடையிலேதான் விகிதம் அமையும். தூரத்தைத் தூரத்தோடு ஒப்பிடலாம். நேரத்தை நேரத்தோடு ஒப்பிடலாம். தூரத்தை நேரத்தால் வகுத்தற்கு வழியில்லை. ஆகவே ‘செக்கனுக்கு இத்தனை மீற்றர்’ என்னும் தொடரையே கலிலியோ எழுதியிருத்தல் இயலாது. இயற்கணித முறையிற் பழகிய கண்ணுக்கு இது பெருங்குறை. ஆயினும் இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. ‘செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர்’ என்னும் அலகைக் கண்டு, செக்கன் எதற்காக இருமுறை வருகின்றது என மயங்கும் மாணவர் பலர். கலிலியோவின் மொழியில் அம்மயக்கத்துக்கு இடமில்லை. சம காலங்களிலே கதி சம அளவால் மிகுமாயின் அவ்வியக்கம் சீராக ஆர்முடுகியது என்று அவர் கூறுகின்றார். அலகுகள் எவையும் தோன்றாத அவ்வாக்கியத்தில், கதியே இங்கு மாறும் பொருள் என்பதும், காலமே அம்மாற்றத்தின் அளவுகோல் என்பதும் தெற்றெனப் புலனாகும்.

இவ்வறண்ட பகுதியிலும் போற்றத்தக்க ஒரு சொல் உண்டு. சம காலங்களிற் சம தூரம் செல்வதே சீரான இயக்கம் என்பது பழைய வரைவிலக்கணம். கலிலியோ அதனுடன் ‘எவையேனும்’ என்ற சொல்லைச் சேர்த்து, எத்தகைய சம காலங்களை எடுத்தாலும் என்று திருத்துகின்றார். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 30 மைல் செல்லும் பேருந்து, அம்மணித்தியாலத்துள் பத்துத் தரிப்பிடங்களில் நின்றிருக்கலாம். மணித்தியாலக் கணக்கு அதனைக் காட்டாது. நிமிடக் கணக்குக் காட்டும். அதனினும் குறுகிய கணக்கு மேலும் காட்டும். ஒரு கணத்துக்குரிய கதி என்னும் நுண்ணிய கருத்துக்கு அச்சொல்லே வாயிலாக அமைந்தது.

அடுத்துவருவது இயல்பாக ஆர்முடுகும் இயக்கம் பற்றிய பகுதி. வரைவிலக்கணம் பற்றிச் சக்ரேதோ ஒரு திருத்தம் கூறுகின்றார்: காலத்துக்கு ஏற்பக் கதி மிகும் என்பதிலும், கடந்த தூரத்துக்கு ஏற்பக் கதி மிகும் என்பது எளிதன்றோ? இருமடங்கு உயரத்திலிருந்து விழுங் கல்லுக்கு இருமடங்கு கதி. சிம்பிளிசியோவும் இதனை உடனே ஏற்றுக்கொள்கின்றார். நூல் முழுவதிலும் இவ்விருவரும் இவ்வளவு விரைவில் உடன்படும் இடங்கள் குறைவு. சால்வியாத்தி நகைத்து ஒதுக்கவில்லை. தம் ஆசிரியரும் சிலகாலம் இதே பிழையில் இருந்ததாகத் தம்மிடம் ஒப்புக்கொண்டார் என்று கூறுகின்றார். அஃது உண்மை. 1604ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பாதுவாவிலிருந்து வெனிசு நகரத்துப் பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், கடந்த தூரத்துக்கு ஏற்பக் கதி மிகும் என்பதையே கலிலியோ அடிப்படையாகக் கொண்டிருந்தார். விந்தை யாதெனின், தூரங்கள் காலங்களின் வர்க்கங்களுக்கு விகிதசமமாம் என்ற சரியான முடிபை அப்பிழையான அடிப்படையிலிருந்தே பெற்றுவிட்டதாக அவர் அப்போது எண்ணினார். விடை சரி, வழி பிழை. மாணவரின் விடைத்தாள்களில் அவ்வப்போது காணப்படும் அதே நிலை.

தம் பழைய பிழையைத் தம் பாத்திரத்தின் வாயிலாக ஆசிரியரே வெளிப்படுத்துதல் அறிவியல் நூல்களில் அரிது. அதனைப் பாராட்டாதார் இலர். எனினும், அப்பிழையை மறுப்பதற்குச் சால்வியாத்தி காட்டும் நியாயம் பழுதுடையது என்பதையும் மறைத்தலாகாது. அவர் கூறுவதன் சாரம் இது: கதிகள் தூரங்களுக்கு ஏற்ப இருக்குமாயின், 8 முழம் விழுங்காற் கதி, 4 முழம் விழுங்காற் கதியின் இருமடங்காகும், தூரமும் இருமடங்கு, கதியும் இருமடங்கு எனின் இரண்டுக்கும் ஒரே காலம் செல்லும், 8 முழத்தையும் அதனுள் அடங்கிய 4 முழத்தையும் ஒரே காலத்திற் கடத்தல் நொடிப்பொழுதும் செல்லாத இயக்கத்துக்கே இயலும், ஆகவே இக்கொள்கை பொய். கேட்டவுடன் சக்ரேதோ வியந்து ஒப்புக்கொள்கின்றார். ஒப்புக்கொண்டிருத்தல் கூடாது. தூரமும் கதியும் இருமடங்கானாற் காலம் சமமாகும் என்பது சீரான இயக்கத்துக்குரிய விதி. கணந்தோறும் கதி மாறும் இயக்கத்தில் ‘4 முழத்துக்கான கதி’ என ஒன்றில்லை; அங்குள்ளது 4ஆம் முழத்தின் முடிவிலுள்ள கதி மாத்திரமே. முதற்பகுதியிற் சீரான இயக்கத்துக்கு நிறுவியதை இரண்டாம் பகுதியிலே கணக்கின்றி எடுத்தாண்டமை, இவ்வளவு விழிப்புள்ள ஆசிரியர்க்கு நேர்ந்த சறுக்கலாகும். இந்நியாயத்தை வேறு பொருள் கூறிக் காக்க முயன்ற அறிஞரும் உளர். அவர்தம் விளக்கம் நூலிலுள்ள சொற்களுக்கு மேற்பட்டதாகவே காணப்படுகின்றது.

முடிபு மட்டும் உண்மையே. அதனைப் பிழையின்றி வேறு வகையாற் காட்டலாம். தூரத்துக்கு ஏற்பக் கதி மிகும் எனக் கொண்டால், 4ஆம் முழத்திலிருந்து 8ஆம் முழம் வரை செல்லும் காலமும், 2ஆம் முழத்திலிருந்து 4ஆம் முழம் வரை செல்லும் காலமும் சமமாகும். ஏனெனிற் பின்னதன் ஒவ்வொரு பகுதியும் முன்னதன் ஒத்த பகுதியிற் பாதி நீளம், அங்குள்ள கதியும் பாதி. அவ்வாறே 1இலிருந்து 2 வரை செல்லும் காலமும் அதுவே. அரையிலிருந்து 1 வரை செல்லும் காலமும் அதுவே. காலிலிருந்து அரை வரை செல்லும் காலமும் அதுவே. இவ்வாறு பாதியாக்கிச் செல்வதற்கு முடிவில்லை. ஆகவே ஒரு முழத்தைக் கடப்பதற்கு முன் அக்கல் சம காலங்கள் எண்ணிறந்தனவற்றைக் கழித்திருத்தல் வேண்டும். ஓய்விலிருந்து விடப்பட்ட கல் என்றுமே புறப்படாது. நொடிப்பொழுதும் செல்லாத இயக்கம் என்று சால்வியாத்தி கூறிய இடத்தில், முடிவிலாக் காலம் செல்லும் இயக்கமே உண்மையில் உண்டு. அவர் கண்ட முரண்பாட்டுக்கு நேரெதிரான முரண்பாடு இது.

கதி எதனோடு மாறுகின்றது என்னும் வினாவே ஆர்முடுகலின் உயிர்நிலை. தூரமா, காலமா? கண்ணுக்குத் தெரிவது தூரம். உயரத்திலிருந்து விழும் பனம்பழம் தரையிற் சிதறுவதைக் காண்பவர் உயரத்தையே நினைவிற் கொள்வர். விழுந்த காலத்தை எண்ணுபவர் இலர். ஆகவே சக்ரேதோவின் திருத்தம் மூடத்தனமன்று. அனுபவம் முதலிற் காட்டுவது அதுவே. பாடநூல்களோ இவ்வினாவை எழுப்புவதேயில்லை. ‘வேகம் மாறும் வீதம்’ என்னும்போது வீதம் என்ற சொல்லினுள் காலம் மறைந்து நிற்கின்றது. தூரம் ஏன் தள்ளப்பட்டது என்று ஒருமுறையேனும் கேட்டறியாத மாணவர்க்கு அச்சொல் வெறும் ஓசையாகவே எஞ்சும்.

இனி, ஓய்விலிருந்து புறப்படும் பொருள் பற்றிய உரையாடல். கதி படிப்படியாக மிகுமாயின், புறப்படும்போது அது எல்லையற்ற மந்த நிலைகளைக் கடத்தல் வேண்டும். அவற்றுட் சில, அதே கதியில் தொடர்ந்தால் ஓராண்டில் ஒரு முழமும் செல்லாத மந்தமுடையன. இதனை எங்ஙனம் நம்புவது என்று சக்ரேதோ கேட்கின்றார். சால்வியாத்தியின் விடை எளிமையானது, அழகானது. நிலத்தில் நாட்டிய முளையின்மீது கனத்த பாரமொன்றை 4 முழ உயரத்திலிருந்து விழவிடுக. முளை ஆழ இறங்கும். 2 முழத்திலிருந்து விட்டாற் குறைவாக இறங்கும். ஒரு விரல் உயரத்திலிருந்து, இலைக்கனத்து உயரத்திலிருந்து என விடும்போது இறங்குவது புலப்படாது. அடியின் வலிமை கதியைச் சார்ந்தது எனின், தொடக்கத்திற் கதி எவ்வளவு சிறிதாயிருந்திருத்தல் வேண்டும்! எல்லையற்ற நிலைகளை எங்ஙனம் கடந்து முடிப்பது என்று சிம்பிளிசியோ மீண்டும் தடை எழுப்ப, எந்நிலையிலும் பொருள் தங்குவதில்லை, கணத்துக்கொரு நிலையாகக் கடந்துவிடும் என விடை வருகின்றது. நுண்கணிதம் தோன்றுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னர் எழுதப்பட்ட இவ்விரு பக்கங்களுமே மூன்றாம் நாளின் மிகச் சிறந்த பக்கங்கள் எனலாம்.

அவற்றை அடுத்தே குறை வருகின்றது. கதி ஏன் மிகுகின்றது என்பதற்குச் சக்ரேதோ ஒரு காரணம் கற்பிக்கின்றார். மேனோக்கி எறியப்பட்ட பொருளினுள் எறிந்த கையின் உந்தல் பதிந்துள்ளது. அது பாரத்தினும் மிக்கிருக்குமட்டும் பொருள் ஏறும். உந்தல் படிப்படியாகத் தேயும். உச்சியிலே உந்தலும் பாரமும் சமமாகும். ஆகவே பொருள் ஓய்வுறும். மேலும் உந்தல் தேய, பாரம் வென்று பொருள் இறங்கத் தொடங்கும். எஞ்சிய உந்தல் தடுப்பதனால் முதலில் மெதுவாக இறங்கும். அதுவும் தேயத் தேய விரைவு மிகும். உச்சியிற் சமநிலை என்னும் இக்கூற்றும், உச்சியில் ஆர்முடுகல் பூச்சியம் என்னும் மாணவரின் விடையும் ஒன்றே. எறிதலின்றிக் கையிலிருந்து நழுவிய கல்லுக்கு இது பொருந்துமோ என்று சிம்பிளிசியோ நல்லதொரு தடையை எழுப்புகின்றார். அரிஸ்தோத்தில் வழிநிற்பவர் வாயில் வைக்கப்பட்ட நியாயமான வினாக்களுள் இஃதொன்று. அக்கல்லைத் தாங்கிய கையே பாரத்துக்குச் சமமான உந்தலை அதனுட் பதித்திருந்தது என்று சக்ரேதோ தப்புகின்றார். அப்போது சால்வியாத்தி குறுக்கிட்டு, ஆர்முடுகலின் காரணத்தை ஆராய்தற்கு இது தக்க தருணமன்று, அதன் இயல்புகளை அறிதலே ஆசிரியரின் நோக்கம் எனக் கூறி வாதத்தை முடித்துவிடுகின்றார்.

இவ்வொதுக்கல் அறிவியல் முறையிற் பெரியதொரு திருப்பம் என வரலாற்றாசிரியர் போற்றுவர். ஏன் என்பதை நிறுத்தி எவ்வாறு என்பதை முதலில் அளந்தமையாலேதான் பௌதிகவியல் வளர்ந்தது. அதில் ஐயமில்லை. ஆனால் சக்ரேதோவின் கூற்று காரணம் பற்றியது மட்டுமன்று. உச்சியிற் சமநிலை உண்டு எனின், அக்கணத்திற் கதி மிகுதற்கு ஏது இல்லை. அஃதாவது, சம காலங்களிற் சம அளவான மாற்றம் என்ற வரைவிலக்கணமே அங்கு முறியும். காரணத்தைத் தொடாமலே, இயல்பைக் கொண்டே அதனை மறுத்திருக்கலாம். சால்வியாத்தி மறுக்கவில்லை. முதலாவது பிழையைப் போல இரண்டாவதும் கலிலியோவின் சொந்தப் பிழையே என்பதை அறிந்தால் இம்மௌனம் மேலும் கவனத்துக்குரியதாகும். 1590ஆம் ஆண்டளவிற் பீசாவில் எழுதித் தம் வாழ்நாளில் வெளியிடாது வைத்திருந்த இயக்கம் பற்றிய கையெழுத்து நூலிலே, தேயும் உந்தலைக் கொண்டே விழுதலின் விரைவை அவர் விளக்கியிருந்தார். முதற்பிழையை ஆசிரியரின் பழம்பிழை எனச் சால்வியாத்தி வெளிப்படையாகச் சொன்னார். இரண்டாவதை அவ்வாறு சொல்லவில்லை. பிழை என்றும் நிறுவவில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட பிழை இன்று மாணவரிடையே அரிது. ஒதுக்கிவைக்கப்பட்ட பிழையோ நானூறு ஆண்டுகளை அணுகியும் வகுப்பறைகளில் உலாவுகின்றது.

தேற்றங்களைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. சீராக ஆர்முடுகும் பொருள் ஒரு காலத்திற் செல்லும் தூரம், இறுதிக் கதியின் பாதியுடன் சீராகச் செல்லும் பொருள் அதே காலத்திற் செல்லும் தூரத்துக்குச் சமம் என்பது முதலாவது. ஒக்ஸ்போர்ட் மேட்டன் கல்லூரி அறிஞர் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதனை அறிந்திருந்தனர். அந்நூற்றாண்டிற் பாரிசு நகரத்து ஒரேம் இதனைப் படமாகவே வரைந்து காட்டினார். கலிலியோ அவர்களைப் பெயர் கூறவில்லை. அவர்கள் கண்டதைக் கல்லும் பந்தும் விழும் உலகத்தோடு அளந்து பொருத்தியதே அவர் செய்த புதுமை. இரண்டாவது தேற்றம் தூரங்கள் காலங்களின் வர்க்கங்களுக்கு விகிதசமம் என்பது. அதன் கிளைத்தேற்றப்படி, அடுத்தடுத்த சம காலங்களிற் செல்லுந் தூரங்கள் 1, 3, 5, 7 என ஒற்றையெண்களாக மிகும். 19.6 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பனம்பழம், காற்றின் தடையை நீக்கி நோக்கின், முதற் செக்கனில் 4.9 மீற்றரும், இரண்டாம் செக்கனில் 14.7 மீற்றரும் விழும். பின்னது முன்னதன் மும்மடங்கு.

இதனை மெய்ப்பித்தற்கு அவர் கூறும் சாய்தளப் பரிசோதனை பலரும் அறிந்தது. ஏறக்குறைய 12 முழ நீளமும், அரைமுழ அகலமும், மூவிரற் கனமுமான மரம். அதில் ஒரு விரலுக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள நேரிய காடி. காடியினுள் வழவழப்பான தோல். அதில் உருளும் வெண்கலக் குண்டு. காலத்தை அளக்கப் பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய்வழி ஒழுகிய நீரை நிறுத்தார். நூறு முறை செய்தும் நாடித்துடிப்பின் பத்திலொரு பங்கும் வேறுபடவில்லை என்கின்றார். இருபதாம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் கொய்ரே என்னும் அறிஞர், இத்தகைய கருவிகளால் இத்துணை நுண்மை எய்தல் ஒல்லாது என்று எள்ளினார். தோமஸ் செற்றில் 1961இல் அதனையொத்த சாய்தளத்தையும் எளிய நீர்க்கடிகாரத்தையும் அமைத்துச் செய்துபார்த்து, அந்நுண்மை எய்தக்கூடியதே எனக் காட்டினார். செய்து பார்க்காமற் பழித்தவர் தோற்றார். கொய்ரேயின் வேறொரு குற்றச்சாட்டு நிலைத்தது. குரூ, டி சால்வியோ என்போர் 1914இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலே, மூன்றாம் நாளின் முகவுரையிற் கலிலியோ ‘கண்டேன்’ என்ற அளவில் எழுதிய இலத்தீன் வினை ‘பரிசோதனையாற் கண்டேன்’ என மாறிற்று. மூலத்தில் இல்லாத சொல் அது. மொழிபெயர்ப்பை மட்டும் கற்றவர் கலிலியோவை அவர் இருந்ததினும் மேலான பரிசோதகராகக் கொண்டதில் வியப்பில்லை.

விகிதமொழியின் வேறொரு பயனும் இங்குப் புலப்படும். உருளும் திண்மக் குண்டின் ஆர்முடுகல், உராய்வின்றி வழுக்கும் பொருளின் ஆர்முடுகலில் ஏழிலைந்து பங்கே. காடியில் உருளும்போது அதனினும் குறையும். கலிலியோ இதனை அறியார். ஆயினும் நாற்பங்கு தூரத்துக்கு இருமடங்கு காலம் என்னும் விகிதம் இதனாற் கெடவில்லை. எண்ணாகக் கூறவந்த இடத்திலோ அவர் தவறினார். 1632இல் வெளியிட்ட முந்திய உரையாடல் நூலிலே, 100 முழத்தை 5 செக்கனில் விழும் என ஓரிடத்திற் கூறுகின்றார்; அவர்தம் முழ அளவுப்படி அது உண்மையான தூரத்தில் ஏறக்குறையப் பாதியே.

மூன்றாம் நாளிற் காணப்படாத பொருள் திசை. இலத்தீனிற் கதியைக் குறிக்கக் கலிலியோ இருவேறு சொற்களை வழங்கினும், ஒன்றுக்குத் திசை உண்டு, மற்றதற்கு இல்லை என்ற வேறுபாடு அவற்றிடையே இல்லை. நேர்க்கீழாக விழுவதும் சாய்தளத்தில் இறங்குவதுமே ஆராயப்படுவதால், அது வேண்டப்படவுமில்லை. நான்காம் நாளில் எறியங்களின் பரவளைவுப் பாதையை ஆராயும்போது மட்டும், கிடையான கதியையும் நிலைக்குத்தான கதியையும் வர்க்கங்களைக் கூட்டி ஒன்றாக்குகின்றார். கிடையாக 3, நிலைக்குத்தாக 4 எனின் இரண்டும் சேர்ந்து 7 அன்று, 5. இது கதிகளைக் கூட்டும் முறையன்று. வேகங்களைக் கூட்டும் முறை. வேகம் என்ற கருத்து அவர் கையிலிருந்தது. பெயரும் வரைவிலக்கணமும் இருக்கவில்லை. அதன் விளைவு வட்ட இயக்கத்திலே தெரியும். சீரான வட்ட இயக்கத்தை இயற்கையான இயக்கமாகவே அவர் 1632 நூலில் கருதினார். கதி மாறாமையால் அங்கு ஆராய எதுவுமில்லை. ஹைகன்ஸ் 1673இலும் நியூற்றன் 1687இலும் வெளியிட்ட நூல்களே, கதி மாறாதபோதும் திசை மாறினால் ஆர்முடுகல் உண்டு, வட்டத்தில் அது மையத்தை நோக்கியது என்ற தெளிவுக்கு வழிசெய்தன. கடுகண்ணாவை மலைவளைவிற் புகையிரதம் ஒரே கதியிற் செல்லுங்கால், பிரயாணிகள் ஒரு பக்கம் சாய்வது அவ்வார்முடுகலினாலாகும்.

இவ்விடத்தில் இலங்கைப் பாடநூல்களின் கலைச்சொற்களையும் உரைத்துப் பார்த்தல் பொருந்தும். திசையற்றதைக் கதி என்றும், திசையுள்ளதை வேகம் என்றும் இங்கு வழங்குகின்றோர், கலிலியோவிடம் இல்லாத வேறுபாட்டை இரு குறுஞ்சொற்களால் நிலைநாட்டிவிட்டனர். தமிழ்நாட்டு நூல்களில் முன்னது வேகம், பின்னது திசைவேகம். திசைவேகம் தன்னைத் தானே விளக்கும் சொல்லாயினும், இலங்கையில் வேகம் எனப்படுவதும் அங்கு வேகம் எனப்படுவதும் வெவ்வேறாதலின் இரு கரை நூல்களையும் கற்பவர் இடர்ப்படுவர். கதி என்னும் சொல் யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ‘கெதியாய் வா’ என வழங்குவதாதலின் இங்குள்ளோர்க்கு அயலன்று.

ஆர்முடுகல், அமர்முடுகல் என்னும் இணை அத்துணைப் பாராட்டுக்குரியதன்று. முடுகு என்பது யாப்பில் விரைந்து செல்லும் நடைக்கும் வழங்கும் பழஞ்சொல். ஆர்தல் நிறைதலையும் அமர்தல் அடங்குதலையும் உணர்த்தும். சொல்லமைப்பிற் குறையில்லை. கருத்திலேதான் குறை. கதி மிகுவதற்கு ஒரு பெயரும் குறைவதற்கு வேறொரு பெயருமாக இட்டமையால், ஒன்றாகிய கணியம் இரண்டாகத் தோன்றுகின்றது. மேனோக்கிய பந்து ஏறுங்கால் அமர்முடுகுகின்றது என்றும், இறங்குங்கால் ஆர்முடுகுகின்றது என்றும் ஆசிரியர் கூறுவர். கேட்ட மாணவர், அமர்முடுகல் முடிந்து ஆர்முடுகல் தொடங்கும் எல்லையிலே இரண்டும் இல்லாத ஒரு கணம் இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்வது இயல்பே. சக்ரேதோவின் சமநிலைக்குத் தமிழ்ச் சொற்களே மேடை அமைத்துக் கொடுக்கின்றன. முடுக்கம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குறியால் வேறுபடுத்தும் தமிழ்நாட்டு வழக்கு இவ்வகையில் மேலானது. இங்குச் சொல்லை மாற்றுதல் எளிதன்று. அமர்முடுகலை மறை ஆர்முடுகல் என்று கற்பித்து, முன்னதைப் பேச்சளவில் நிறுத்துதல் ஆசிரியர்க்கு இயலக்கூடியது.

செக்கனுக்கு 19.6 மீற்றர் வேகத்துடன் மேனோக்கி எறிந்த பந்தின் வேகத்தை, மேற்றிசையை நேராகக் கொண்டு, செக்கனுக்கொருமுறை எழுதினால் 19.6, 9.8, 0, -9.8, -19.6 என ஐந்து எண்கள் வரும். அடுத்தடுத்த இரண்டிரண்டுக்கிடையே உள்ள வேறுபாடு எங்கும் -9.8. நடுவிலுள்ள பூச்சியத்தில் அவ்வேறுபாடு நிற்கவுமில்லை, குறையவுமில்லை. உந்தலையோ பாரத்தையோ இழுக்காமல், சம காலங்களிற் சம மாற்றம் என்ற தம் ஆசிரியரின் வாக்கியத்தை மட்டும் கொண்டே, சால்வியாத்தி இதனைச் சக்ரேதோவுக்கு அன்றே சொல்லியிருக்கலாம்.